சபிதாவுக்கு யார் ஆதரவு

சபிதா சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவள் என்று திட்டுவிளையில் பாதிப் பேருக்குத் தெரியாது. "பாரம் எழுதுற பிள்ள" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். முதியோர் உதவித்தொகையா, ரேஷன் கார்டில் பெயர் நீக்கமா, பட்டாவில் பெயர் மாற்றமா, எந்த விண்ணப்பம் எழுதவும் நேரே அவளிடம்தான் வருவார்கள். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டு வருஷம் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்த படிப்பு அது. ஊர் அதைப் பாரம் எழுதும் படிப்பு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

படிக்கச் சொன்னவன் அவள் புருஷன் ஜெபிஷ். ஓமானில் ஏசி மெக்கானிக். "நான் லீவுல வரும்போ நம்ம வீட்டுல ஒரு ஆபீசர் இருக்கணும், கேட்டியா?" என்று போனில் சொல்லிச் சொல்லியே படிக்கவைத்தான். அவள் பட்டம் வாங்கிய படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தான். நேரில் பார்க்க வரவில்லை. ஒரு காலையில் ரூமில் எழுந்திருக்கவே இல்லை, வயது முப்பத்துநாலு. உடல் வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆனது. மாமனாரும் மாமியாரும் துக்கத்தில் எழுந்து நடக்க மாட்டாமல் கிடக்க, தூதரகத்துக்கு மெயில், கலெக்டர் ஆபீசுக்கு மனு என்று அத்தனை நாளும் அலைந்தவள் சபிதாதான். அழுவதற்கு அவளுக்கு நேரம் கிடைத்தது இருபதாம் நாள்.

கல்லறைத் தோட்டத்தில் மாமனார் ஜெபதாஸ் அவள் தலையில் கை வைத்து, சபையார் எல்லாரும் கேட்கச் சொன்னார். "இவ இனி எனக்கு மருமக இல்ல, மக. நான் கஞ்சி குடிச்சா இவளும் குடிப்பா." அங்கே நின்றவர்களில் அழாதவர் இல்லை. மனசறிந்து சொன்ன வார்த்தைதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அடுத்த வருஷமே ஒரு காற்றுமழை வந்தது. குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் குலை தள்ளி நின்ற நானூறு ஏத்தன் வாழையும் சாய்ந்துவிட்டன. ஜெபதாஸ் அதன்பிறகு ஒரு கன்றுகூட நடவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு "தோட்டத்துக்குப் போயிட்டு வாறேன்" என்று புறப்படுவார். சபைக் கோயில் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு மத்தியானம் வருவார். அரிசி, மாத்திரை, கரண்ட் பில், பேத்தி ஷைஜாவின் பள்ளிக்கூடச் செலவு, எல்லாம் சபிதாவின் சம்பளம். அதையும் அவள் தன் பெயரில் செய்ய மாட்டாள். அடுத்த வீட்டை ஒட்டிய மளிகைக்கடையில் சிஜோவிடம் காசைக் கொடுக்கும்போது, "மாமா தந்து விட்டாவ" என்பாள். மாதம் தவறாமல் இந்தப் பொய். நல்ல மனசுக்காரிகளுக்கு இப்படியெல்லாம் யோசிக்க வரும், என்ன செய்ய?

சம்பளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குளச்சல் முதல் தேங்காப்பட்டணம் வரை கடற்கரைப் பெண்களுக்காக வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். விதவைகளுக்குச் சான்றிதழ் வாங்கித் தருவது அவள் வேலையில் ஒன்று. 'ஆதரவற்ற விதவை' என்று அரசாங்கம் ஒரு சான்றிதழ் தருகிறது. அது கையில் இருந்தால் வேலைவாய்ப்பில் முன்னுரிமை உண்டு. ஆனால் வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்; தாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சான்றிதழ் கிடையாது.

தேங்காப்பட்டணத்தில் கதீஜா உம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இறந்து, மூன்று பிள்ளைகளோடு வாடகைக்கு ஒற்றை அறையில் கிடந்தாள். எட்டு மாதமாக எட்டிப் பார்க்காத அண்ணன் சுஹைல், விசாரணை என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்துவிட்டான். "ஆதரவு இல்லியா? நான் என்ன செத்தா போனேன்? என் கூடப்பொறந்தவள நான் தெருவுலயா விட்டேன்?" என்று மார்பில் அடித்துக்கொண்டான். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுபடி விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க இரண்டு வருஷம் ஆனது. அன்றிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் சபிதா முதலில் சொல்வது இதுதான்: "விசாரணை அன்னைக்கு அண்ணன் தம்பிய எல்லாம் சந்தைக்கு அனுப்பி விடுங்க. பாசம் உள்ளவங்கதான் காரியத்தக் கெடுப்பாவ."

போன மார்ச்சில் நிறுவனத்தின் திட்டம் முடிந்தது, சம்பளமும் நின்றது. சாயங்காலம் பதினொரு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. அரசின் பெண்கள் பாதுகாப்பு மையத்தில் சமூகப் பணியாளர். நிரந்தர வேலை. கேட்ட படிப்பும் இருக்கிறது, கேட்டதற்கு மேல் அனுபவமும் இருக்கிறது. வயதுதான் இல்லை. வரம்பு முப்பத்தைந்து, அவளுக்கு முப்பத்தெட்டு. ஆதரவற்ற விதவைகளுக்கு மட்டும் வயதுத் தளர்வு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இருபதாம் தேதி கடைசி. சான்றிதழ் இல்லையென்றால் கம்ப்யூட்டரே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். அடுத்த அறிவிப்பு எந்தக் காலத்தில் வருமோ, யார் கண்டது?

உள்ளூர் இ-சேவை மையத்துக்குப் போனால் ஆள் தெரியும் என்று பூதப்பாண்டிக்குப் போய் விண்ணப்பித்தாள். நூறு வீட்டில் கூசாமல் சொன்னதை அவளால் தன் வீட்டில் சொல்ல முடியவில்லை. மகள் என்று ஊர் முன்னால் சொன்ன மனுஷனிடம் போய், 'எனக்கு யாரும் ஆதரவு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்' என்று எந்த வாயால் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாளைக் கடத்தினாள். படித்துப் படித்து ஊருக்குச் சொன்னவள் செய்த தப்பு இது.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு வருவாய் ஆய்வாளர் ரைஹானத் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கோட்டாற்றுக்காரர், முகத்தில் சிரிப்பு குறைவு. ஜெபதாஸின் சைக்கிள் அன்றைக்கென்று பங்க்சர்; மனுஷன் வீட்டில்தான் இருந்தார். வந்தவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், இளநீர் வெட்டினார்.

"சபிதா ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு அப்ளை பண்ணிருக்காங்க. விசாரிக்க வந்தேன். இவங்களுக்கு யாராவது ஆதரவு இருக்கா பெரியவரே?" என்று ரைஹானத் கேட்டார்.

ஜெபதாஸுக்கு முதலில் விளங்கவில்லை. மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது விளங்கியது.

"ஆதரவில்லாதவளா? எவன் சொன்னான்? நான் இருக்கேன்லா மேடம்! என் மவன் போன அன்னைக்கு சபையார் முன்னால குடுத்த வாக்கு. இந்த வீட்டுல ஒரு நேரம் அடுப்பு எரியாம இருந்திருக்கா, கேட்டுப் பாருங்க. என் பிள்ளைக்கு நான் ஒரு கொறையும் வைக்கல்ல."

ரைஹானத் எழுதிக்கொண்டே சபிதாவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

சொல்ல வேண்டியது அவளுக்கு மனப்பாடம். அழக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! வாயைத் திறந்தாள். மாமா கையில் இளநீரோடு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா சொன்னதுதான் மேடம்."

"இது இல்லாம மனுவுல எழுதிருக்க அந்த வேலைக்கு நீங்க அப்ளை பண்ண முடியாது. தெரியும்லா?"

"தெரியும் மேடம்."

அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கேட்க வேண்டும் என்று ரைஹானத் சிஜோவின் கடைக்குப் போனார். சிஜோ நல்லவன், கண்டதைச் சொன்னான். "எல்லாம் ஜெபதாஸ் அண்ணாச்சிதான் மேடம். மாசாமாசம் தவறாம பணம் குடுத்து விடுவாரு." சபிதா வாசலில் நின்று கேட்டாள். அவளே சொல்லிக்கொடுத்த பொய், அவளுக்கெதிரான சாட்சியாகத் தாளில் ஏறியது.

ஸ்கூட்டர் போனதும் ஜெபதாஸ், "என்ன வேலை?" என்று கேட்டார். சபிதா அடுக்களைக்குள் போய்விட்டாள். பதில் சொன்னது மாமியார் நேசம்மாள். இ-சேவை ரசீதைத் துணி அலமாரியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரியும்.

"அவ அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டிருந்தா. நீங்க வாக்கு குடுத்த பெருமையில அதுல மண்ணள்ளிப் போட்டாச்சு. நான் ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. எந்த மாசம் நீங்க இந்த வீட்டுக்கு அரிசி வாங்கினிய?"

"வாய மூடு!"

"நான் ஆறு வருசமா மூடித்தான் இருக்கேன்."

சபிதாவுக்கு அடுக்களையில் நிற்கவே முடியவில்லை. வேலை போனதைவிட, மாமா திருப்பிப் பேசாமல் போனதுதான் அவளை அதிகமாக வதைத்தது. மத்தியானச் சோற்றை அவர் தொடவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் மாமாவைக் காணவில்லை. சைக்கிள் சுவரோரம் அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையையும் காணவில்லை. வேப்பமரத்தடியில் தேடினாள். தோட்டப்பக்கம் போய்ப் பார்த்தாள். எதையாவது செய்துகொண்டால் என்ன ஆவது என்று குளத்துப் பக்கமும் ஓடினாள். ஒரு சான்றிதழுக்கு ஆசைப்பட்டு இந்தக் குடும்பத்தின் தலையில் இன்னொரு சாவை இழுத்துவிட்டோமோ என்று பதறிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"உங்க மாமனார் ஆபீஸ் தொறக்க முன்னாலயே வந்து பெஞ்சுல இருக்காரு. கொஞ்சம் பூதப்பாண்டிக்கு வாங்க," என்றார் ரைஹானத்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஜெபதாஸ் பெஞ்சின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நேத்து ஒண்ணு சொன்னாரு, இன்னைக்கு வேற சொல்லுறாரு," என்றார் ரைஹானத். "எழுதித் தந்தா வாங்கிக்கிடுவேன். உங்க முன்னாலயே எழுதட்டும்னுதான் கூப்பிட்டேன். ஆனா நீங்க பேனாவத் தொடக்கூடாது. நீங்க விண்ணப்பதாரர்."

ஊருக்கெல்லாம் பாரம் எழுதியவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜெபதாஸ் வெள்ளைத்தாளின்மேல் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நடுவில் பேனாவைக் கீழே வைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி எழுதினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரைஹானத் அதை வாங்கி, சட்டப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று சத்தமாகப் படித்தார்.

"நான் ஜெபதாஸ், வயது எழுபத்தொன்று. நேற்று நான் சொன்னது பொய். வாழை போனபிறகு நான் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. என் மருமகள் சபிதா உழைத்துத்தான் நானும் என் மனைவியும் ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறோம். சிஜோ கடையில் நான் கொடுத்ததாகச் சொல்லும் பணமும் அவள் பணம். அது எனக்குத் தெரியும், தெரியாதது போல் இருந்தேன். அவளுக்கு நான் ஆதரவு இல்லை. எனக்கு அவள்தான் ஆதரவு. யார் கேட்டாலும் சொல்லுவேன். இப்படிக்கு ஜெபதாஸ்."

தெரிந்தே இருந்திருக்கிறார். சபிதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அரசாங்க ஆபீஸ் என்றும் பாராமல் அழுதாள். ஜெபதாஸ் அவளைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைக்காரரையும் இன்னொரு தடவ கேட்டுட்டு, திங்கக்கிழமை மேல அனுப்பிடுறேன்," என்றார் ரைஹானத். "இருபதுக்குள்ள கையில கிடைச்சிரும். பயப்படாம போங்க." பிறகு ஜெபதாஸிடம், "ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க பெரியவரே. காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல்ல," என்றார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

திட்டுவிளை பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரோ எழுந்து ஜெபதாஸுக்கு இடம் கொடுத்தார்கள். சபிதா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் வந்தார். ஜெபதாஸ் சட்டைப்பையிலிருந்து மடித்த இருபது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு திட்டுவிளை."

"லேடீஸுக்கு ஃப்ரீலா பாட்டா. உங்களுக்கு மட்டும் எடுத்தாப் போதும்."

மீதிச் சில்லறையையும் ஒற்றை டிக்கெட்டையும் உள்ளங்கையில் வைத்து ஜெபதாஸ் பார்த்தார். "இதும் வேண்டாமா எங்கிட்ட," என்றார். யாரிடம் சொன்னாரோ.

சபிதா தோளில் கிடந்த பையைக் கழற்றினாள். பட்டம், அனுபவச் சான்று, ஜெபிஷின் இறப்புச் சான்று, அவள் வாழ்க்கையில் தாளாக இருந்த அத்தனையும் அதில்தான் இருந்தன. "இதக் கொஞ்சம் பிடிங்க மாமா. பையும் கம்பியுமா என்னால நிக்க முடியல்ல."

அவர் அதை வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திட்டுவிளை வந்ததும் சபிதா பைக்காகக் கையை நீட்டினாள்.

"நான் கொண்டு வாறேன். நீ பாத்து எறங்கு மக்களே."