பெண்கள் பள்ளி வாசலில்

திருவண்ணாமலை பஸ்ஸுக்காகச் செஞ்சியில் நிற்கிறேன். எதிரே தனியார் பெண்கள் பள்ளி. மணி அடிக்கும் நேரம். வாசலில் அப்பாக்களும் அண்ணன்களும் பைக்கோடு காத்திருக்கிறார்கள். சாலையைக் கடந்து நானும் அவர்களோடு நிற்கிறேன்.

வாசல் காவலுக்கு இருக்கும் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"இன்னா தம்பி, எந்தப் பொண்ண இட்டுகினு போவணும்? கார்டு இருக்குதா?"

"யாரையும் இல்லீங்கம்மா. எங்க அக்கா இங்க படிச்சாங்க, எட்டாவது வரைக்கும்."

"கூரைக் கொட்டாயா இருந்தப்பவா? அப்பவே நான் இங்கதான். ஏன் நின்னுட்டுது?"

"என்னாலதாங்க."

அவரிடம் சொல்கிறேன். எங்கள் ஊர் வல்லத்திலிருந்து தம்பி நான் துணைக்கு வந்தால்தான் அக்காவுக்குப் படிப்பு என்றார் நைனா. தினமும் சாயங்காலம் இந்த வாசலில் அவளுக்காக நிற்பேன். கூடப் படித்த பையன்கள் கேலி செய்தார்கள். இனி பொண்ணுங்க ஸ்கூல் வாசலில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அக்காவை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான்தான்.

"அன்னிக்கி நிக்காம இன்னிக்கி வந்து நிக்கிற," என்கிறார் அம்மாள்.

மணி அடிக்கிறது. அவர் கேட்டைத் திறக்கிறார்.

"ஓரமா நில்லு தம்பி. புள்ளைங்க வருதுங்க."

நகர்ந்து வழி விடுகிறேன்.