பின் இருக்கைக்கு ஒரு சாய்மானம்

எங்கள் மலையில் வெயில் காலம், குளிர் காலம் என்று பிரித்துப் பேசுவதெல்லாம் கீழே இருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வேலை. எங்களுக்கு ஆண்டு முழுக்கக் குளிர்தான். நவம்பர் பிறந்தால் அதோடு மழையும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். அடிவாரத்து ஊரான தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் எங்காவது மண் சரியும். பனி மூடிக்கொண்டால் முன்னால் போகிற லோரியின் விளக்குகூடத் தெரியாது. புத்தி உள்ளவன் அந்த இரண்டு மூன்று மாதமும் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு வேனில் போவான். நிறுத்திய மோட்டாரைப் பிரித்துப் போட்டு, அடுத்த ஆண்டுக்கு அதில் என்னென்ன மாற்றலாம் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் தோட்டத்து ஆண்களுக்கு மழை மாதத்துப் பொழுதுபோக்கு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். மற்ற மாதங்களில் என் மோட்டார் நிற்பது தொழிற்சாலையின் பின்பக்கச் சுவரோரம். உள்ளே இருந்து காற்றாடி வெளியே தள்ளும் சூட்டில் அந்த இடம் ஈரமில்லாமல் இருக்கும். நல்ல இடம்தான், ஆனால் சூட்டோடு தூசும் வரும். ஆண்டுக்கு ஒரு முறை ஏர் பில்டரைக் கழற்றினால் உள்ளே தேயிலைத் தூசு அப்பிக் கிடக்கும். என் மனைவியின் தம்பி தோட்டத்துப் பட்டறையில் லோரி பழுது பார்க்கிறவன். ஒவ்வொரு ஆண்டும் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, தூக்கி வெந்நீர்ல போடுங்க லா, நாலு பேருக்கு டீ ஆவும்" என்பான். எனக்கும் ஒவ்வொரு ஆண்டும் கோபம் வரும். வேறு இடத்தில் நிறுத்தலாம்தான், ஆனால் அவன் சொல்லி நான் கேட்டதாக ஆகிவிடும்.

முந்தைய ஆண்டுகளில் எல்லாம் ரிம் மாற்றுவேன், விளக்கு மாற்றுவேன், பின்பு அது பிடிக்காமல் பழையதையே மாட்டுவேன். சென்ற மழை மாதத்தில் அந்த விளையாட்டு எதுவும் இல்லை. எனக்கு ஒன்றுதான் ஆக வேண்டியிருந்தது. என் மனைவி மறுபடியும் என் மோட்டாரில் ஏற வேண்டும்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் விழுந்துவிட்டோம். தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி ஏறிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்து ஊரான ரிங்லெட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு வளைவில், முன்னால் போன காய்கறி லோரி எண்ணெய் ஒழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. கண்ணில் பட்டபோது நேரமில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குத் தோளோரத்துக் காறை எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. எலும்பு கூடிவிட்டது, கை பழையபடி மேலே போகிறது, துணி பிழிகிறாள், எல்லாம் சரி. மோட்டாரில் மட்டும் ஏறவில்லை.

அவள் ரிங்லெட்டில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான்தான் கொண்டுபோய் விடுவேன். விழுந்ததற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் போகும் வேனில் போக ஆரம்பித்தாள். கேட்டால், "வேனே பரவால்லீங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குப் போய் வரலாமா என்றால், "அங்க ஒரே கார் கூட்டம்" என்பாள். கூட்டம் என்றைக்குத்தான் இல்லை? ஒரு நாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். அவள் அமைதியாக வேனில் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

வாயைத் திறந்து பதமாகக் கேட்கத் தெரியாதவன் வேறென்ன செய்வான்? மோட்டாரைப் பிரித்தேன். இரண்டு டயரும் புதிது, ஈரத்தில் பிடித்து நிற்கும் வகை. பிரேக் பேட் புதிது. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஊறப்போட்ட பாத்திரம் அவள் அரிசி களையும் பேசினாம். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதெல்லாம் முன்பக்கக் கதை. உண்மையான திட்டம் பின்பக்கத்தில் இருந்தது. இருக்கைக்கு அகலமான மெத்தை. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. முதுகுக்கு ஒரு சாய்மானம்.

சாய்மானத்தைப் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தது மைத்துனன்தான். வேலை நடக்கும்போது அவன் வாய் மூடவில்லை.

"மாமா, இது மோட்டாரா, பல்லக்கா? இன்னும் ஒரு கொட வச்சா பெருமாளே ஏறிடுவாரு."

"பத்தவைக்கிற வேலையப் பாருடா."

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? பாத்தா ஏறிடுவா."

அவன் பற்றவைக்கிற முகமூடியை இறக்கிக்கொண்டான். அவன் சும்மா இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, வேலை முடிந்த மோட்டாரைத் துடைத்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கம்பியைத் தொட்டாள். மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள். திரும்ப உள்ளே போய்ப் பயற்றங்காய் ஒடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பின்னாலேயே போனேன்.

"இன்னும் என்னாதான் செய்யணும் ஒனக்கு? ஒரு மாசமா கையெல்லாம் கிரீஸு. எம்மேல நம்பிக்க இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, நா ஒருத்தனா போயிக்கிறேன்."

அவள் பயற்றங்காயைக் கீழே வைத்தாள்.

"உங்கள நம்பலன்னு யாரு சொன்னா? நீங்க எப்பவும் நிதானமாத்தான் ஓட்டுவீங்க. அன்னைக்கு வேற யாரு ஓட்டியிருந்தாலும் நாம பள்ளத்துலதான் கெடந்திருப்போம்."

"அப்பறம் என்னா?"

"அன்னைக்கு நா என்னா பாத்தேன்னு தெரியுமா? உங்க ஜாக்கெட்டு. அவ்ளோதான். நீங்க எண்ணெயப் பாத்தீங்க, பிரேக்கப் புடிச்சீங்க, கால ஊனுனீங்க. எனக்கு அது ஒன்னும் தெரியாது. ஜாக்கெட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன், அப்பறம் தார் ரோட்டுல கெடந்தேன். வேன்ல டிரைவர் பக்கத்துல உக்காருறேன். ரோடு தெரியுது, பயமில்ல. நீங்க கம்பி எத்தன வச்சாலும் முதுகு முதுகுதாங்க."

மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்களே, அப்படித்தான் இருந்தது. அவளுக்கு நம்பிக்கை போகவில்லை. என்மேல் வருத்தமும் இல்லை. சாலை தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்ததால் குரலை உயர்த்தினேன்.

"அதுக்கு எம்முதுகுல கண்ணாடியா பதிக்க முடியும்?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நா முன்னால உக்காருறேன்" என்றாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியும். பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்தாள், அது அப்படியே பழகிவிட்டது. லைசென்சை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தாள். அதை அன்று பணப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

மறுநாளே மோட்டார் திரும்பப் பட்டறைக்குப் போனது. இப்போது திட்டமே வேறு. சாய்மானம் வேண்டாம். அவள் கால் தரையில் எட்ட வேண்டும், அதனால் முன் மெத்தையை அரிந்து மெல்லிசாக்கினோம், பின் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினோம், கிளட்ச் பிடியை அவள் விரலுக்கு எட்டும்படி உள்ளே தள்ளினோம். மைத்துனன் சாய்மானத்தை வெட்டி எடுத்துக்கொண்டே, "அக்காகிட்ட கேட்டீங்களான்னு அன்னைக்கே கேட்டேன்ல மாமா" என்றான். என்ன ஆச்சரியமோ, எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாகச் சிரிக்கக்கூடச் செய்தேன். அவன்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

தூறல் விட்ட மாலைகளில் தோட்டத்துப் பந்துத் திடலில் பழகினாள். முதல் நாள் இரண்டு தரம் எஞ்சின் நின்றுபோனது. நான் திடல் ஓரத்தில் குடையோடு நின்று கத்திக்கொண்டிருந்தேன். "கத்தாம நில்லுங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க" என்றாள். கத்தாமல் நின்றேன். ஒரு வாரத்தில் அவளுக்குக் கை வந்துவிட்டது.

ஜனவரிக் கடைசியில் மழை ஓய்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால், நான் பின்னால். ரிங்லெட் வரைக்கும் போய்த் தோசை சாப்பிட்டுத் திரும்புவதாகத்தான் பேச்சு. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கீழே இறங்கும் சாலையில் விட்டாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை.

பின் இருக்கையில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. எனக்கு முன்னால் அவள் ஹெல்மெட், அவள் ஜாக்கெட், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மோட்டார் சாயும்போது எதற்குச் சாய்கிறது என்று தெரியவில்லை. வேகம் குறைந்தால் ஏன் குறைகிறது என்று தெரியவில்லை. என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. கழுத்தை நீட்டிப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். பாறையும் பெரணிச் செடியும் ஓடியதுதான் தெரிந்தது. இப்படியா இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் தலையைக் கொஞ்சம் திருப்பிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

"முன்னால ஒரு லோரி ஏறி வருது. நா ஓரமா போறேன்."

லோரி எங்களைத் தாண்டி மேலே போனது.

"இப்ப லேசா பிரேக் புடிப்பேன். ரோடு ஈரமா இருக்கு. எண்ணெ இல்ல, வெறும் தண்ணிதான்."

மோட்டார் மெதுவானது. இந்த முறை ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அந்த வளவு வருது. பாத்துட்டேன். எடது பக்கமா சாய்வேன், பயப்படாதீங்க."

ஒருநாளாவது இப்படி நான் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அவள் சாய்ந்தாள், நானும் சேர்ந்து சாய்ந்தேன், வளைவு பின்னால் போய்விட்டது.

"தாண்டிட்டோம்" என்றாள். "போதுமா? திரும்பட்டுமா?"

"வேணாம், போ" என்றேன். "சொல்லிக்கிட்டே போ."