அஞ்சலட்டையில் நான் விட்ட வரிகள்

அந்தப் பேய்ப் படக்கதைப் புத்தகம் எங்கள் பட்டறைக்குப் பழைய பேப்பர்க் கட்டில்தான் வந்தது. என் டைரியில் அன்றைய தேதிக்கு நேராக, "பேப்பர் பதினொரு கட்டு. இரண்டு நனைந்தவை. வைக்கோல் போதவில்லை" என்று மட்டும் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதத் தகுந்த விஷயமாக அன்று தோன்றவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையின் பேக்கிங் பிரிவில் நான் கிளார்க். ஃப்யூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மை என்று செய்து அனுப்புவோம். சூளையிலிருந்து வந்ததைப் பெண்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் இல்லாததைப் பழைய பேப்பரில் சுற்றி, வைக்கோலுக்கு நடுவே மரப்பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று சீட்டு எழுதி மேலே வைப்பது என் வேலை. சீட்டில் ஓர் அடித்தல் விழுந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பேப்பர் கிழித்துக் கொடுக்கும் அம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்து ஊரில் குடியிருந்தவர். கணவர் இல்லை. படிப்பும் இல்லை. அன்று கட்டைப் பிரித்தவர் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அட்டையில் கறுப்பு அங்கி போட்ட ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். மூலையில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வௌவால்.

"சார், இத கிழிக்க வேணாம். எம் பையன் படிக்கிற பொஸ்தகம் இது. இந்த வௌவாலு எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் மகனைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேறொரு பட்டறையில் சூளைக்குத் தீ மூட்டும் வேலையில் இருந்தவன். ஒரு நாள் அடுப்பு வாயிலிருந்து தீ திரும்பி அடித்துவிட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தான். தொடையிலிருந்து தோல் எடுத்து முகத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பின் பகலில் வெளியே வருவதில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் ஜங்ஷனுக்கு நடந்து போய் ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிட்டான். புத்தகம் வந்த அன்று அவன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் விட்டுப்போனவற்றில் இந்த மாதிரிப் புத்தகங்கள் ஓர் அடுக்கு இருந்ததாம். ஸ்டேஷன் புத்தகக் கடையில் மாதம் தவறாமல் வாங்குவானாம்.

"என்னா எழுதியிருக்குது, கொஞ்சம் படிங்களேன் சார்" என்றார். சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அதிலிருந்து அது ஒரு பழக்கம் ஆகிவிட்டது. கட்டில் வந்த நான்கைந்து இதழ்களும் முடிந்ததும், வேலைக்கு வரும் வழியில் ஸ்டேஷன் கடையில் புதிய இதழையே வாங்கிவர ஆரம்பித்தேன்.

பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் பயப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன். ரத்தம் குடிக்கும் பிரபு சன்னல் வழியாக வந்தபோது ஒருத்தி சொன்னாள்: "எட்டு மணி நேரம் நின்னுட்டுப் போற ஒடம்புல குடிக்க என்னாடி இருக்குது? ஏமாந்துதான் போவான்." பௌர்ணமியில் ஓநாயாக மாறுகிறவனுக்கு இன்னொருத்தி பதில் வைத்திருந்தாள்: "மாசத்துக்கு ஒரு நாளுதானா? எங்க வூட்டு ஆளுக்கு தெனம் சாயங்காலம் பௌர்ணமி." துணி சுற்றிய பிணம் பெட்டியிலிருந்து எழுந்து வரும் படத்தைப் பார்த்த லோடுமேன், "சுத்தியிருக்குற நேக்கப் பாரு, நம்ம பேக்கிங் கணக்கா. எந்த ஊருக்கு அனுப்பினாலும் ஒடையாம போய்ச் சேருவான்" என்றான். நானும் சிரித்தேன்.

பல பிணங்களிலிருந்து எடுத்துத் தைத்த மனிதனின் கதையைப் படித்த அன்று மட்டும் யாரும் கேலி பேசவில்லை. ஊர் விருந்து நடக்கும் ஒரு கூடத்துக்குள் அவன் வருகிறான். முகத்தைப் பார்த்ததும் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசிப் படத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே அவன் தனியாக நிற்கிறான். கீழே 'முற்றும்' என்று போட்டிருந்தது.

"அப்பறம் அவன் சாப்பிட்டானா சார்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"அதோட முடிஞ்சிட்டுதும்மா."

"சோறு போட்டது போட்டபடிதானே இருக்குது. யாராவது ஒருத்தர் ஒக்காருன்னு சொல்லியிருக்கலாம்."

இதழின் கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதங்கள் வரும். அவற்றையும் படிப்பேன். "மூன்று இரவு தூங்கவில்லை", "என் தம்பி போர்வைக்குள் ஒளிந்துகொண்டான்" என்று ஊர் ஊராக எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியர் ஒரு வரி கிண்டல் செய்திருப்பார். அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்து போன பின், அந்த அம்மாள் மட்டும் நின்றார்.

"இதுக்கு யாரு வேணா எழுதலாமா சார்?"

"எழுதலாம்."

"இந்தப் பொஸ்தகம் வாங்குறவங்க எல்லாரும் இதப் படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

"அவன் பேப்பரு படிக்கமாட்டான். காணவில்லைன்னு போட்டோம், வரல. ஆனா எங்க இருந்தாலும் இத வாங்கிடுவான் சார். எனக்காக ஒண்ணு எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அதை அன்று மாலை டைரியிலும் அப்படியே எழுதி வைத்தேன். அதனால் இன்றும் ஒரு சொல் மாறாமல் தர முடிகிறது:

"தைச்ச ஆளு கதைய சாரு படிச்சுச் சொன்னாரு. அன்னிக்கு ஆஸ்பத்திரில ஒனக்குக் கட்டு பிரிச்சப்ப, ஒம் மொகத்தப் பாத்து பயந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கண்ணுல தூசுன்னு சொன்னேன். அது பொய். இப்ப பயமில்ல. வூட்ல இருந்த கண்ணாடிய எடுத்துப் பரண்ல போட்டுட்டேன். வந்து சாப்பிடு."

கடிதப் பக்கத்தின் மேலே ஒரு குறிப்பு உண்டு. கடிதம் அஞ்சலட்டையில் இருக்கவேண்டும், சுருக்கமாக இருக்கவேண்டும், கதைகளைப் பற்றி மட்டும் இருக்கவேண்டும், மற்றவை குப்பைக்குப் போகும். நான் அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தேன். இவர் சொன்னதை அப்படியே அனுப்பினால் போடமாட்டார்கள் என்று பட்டது. அச்சில் வருவதுதான் முக்கியம், அம்மா பெயரும் ஊரும் கண்ணில் பட்டால் பையன் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். வீட்டு விஷயங்களை எடுத்துவிட்டு, கதைக்குப் பொருந்துவதை மட்டும் நல்ல தமிழில் எழுதி அனுப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாத அஞ்சலட்டை.

இரண்டு மாதம் கழித்து அது இதழில் வந்தது. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே பிரித்தேன்.

"தைத்த மனிதன் கதையைக் கேட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்." கீழே அவர் பெயர். விருத்தாசலம். அதற்கும் கீழே ஆசிரியரின் வரி: "அடுத்த இதழில் இன்னும் பயங்கரமான முகம் வருகிறது, தயாராக இருங்கள்!"

எழுதும்போது அது ஒரு வாசகர் கடிதமாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது எங்கோ ஓர் ஊரில் அந்தப் பையன் அதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பட்டறையில் அவர் காத்திருந்தார். "வந்துட்டுதா சார்? படிங்க." நான் அந்தப் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை முழுவதுமாகச் சொன்னேன். தூசு, பொய், கண்ணாடி, பரண், வந்து சாப்பிடு. எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் அந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்த இடத்தைத் தொட்டார்.

புத்தகத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மதிய உணவுப் பையிலேயே வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது கொண்டுவந்து படிக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் தப்பில்லாமல் பொய் சொன்னேன். "படிச்சிருப்பானா சார்?" என்று கேட்பார். "படிச்சிருப்பான்" என்பேன். அந்தப் பதிலுக்கு நானே பயந்துகொண்டிருந்தேன்.

ஆறேழு வாரம் போயிற்று. ஃபினிஷிங் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். பத்தாவது வரை படித்தவள். சாப்பாட்டு நேரத்தில், "எக்கா, ஒம் பேரு பொஸ்தகத்துல வந்திருக்குதாமே, காட்டு பாப்பம்" என்று வாங்கிப் பிரித்தாள். நான் என் மேஜையில் இருந்தேன். எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். எழவில்லை. அவள் சத்தமாகவே படித்தாள்.

"மேல படி" என்றார் அம்மாள்.

"அவ்ளோதாங்க்கா. ரெண்டே வரி."

"இன்னும் இருக்குது பாரு. கண்ணாடி வரும்."

"கண்ணாடியெல்லாம் இல்லக்கா. பயந்து திருப்பிக்கிட்டேன்னு இருக்குது, முடிஞ்சிட்டுது. அதுக்குக் கீழ கேலி பண்ணியிருக்கான் பாரு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் புத்தகத்தை வாங்கி மறுபடி பிளாஸ்டிக்கில் சுற்றினார். சட்டியில் இருந்த மீதிச் சோற்றை மூடி வைத்தார்.

இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்தார். குறிப்பில் இருந்ததையும், நான் நினைத்ததையும் வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க சார். ஆனா நான் ஒருக்காதான் திருப்பிக்கிட்டேன். நீங்க அத அச்சுப் போட்டு ஊரூருக்கும் அனுப்பிட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றே முழுக் கடிதத்தையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வரவில்லை. மறுபடி அனுப்பினேன். நடந்ததைச் சொல்லி ஆசிரியருக்குத் தனியாகவும் எழுதினேன். அடுத்த இதழில் ஓநாய் மனிதனைப் பற்றி நான்கு கடிதங்கள் வந்திருந்தன. அதற்கடுத்த மாதம் புத்தகமே வரவில்லை. நின்றுவிட்டது என்றார் ஸ்டேஷன் கடைக்காரர்.

அதைச் சொன்னபோது அந்த அம்மாள் பேப்பர் கிழித்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் கேட்டார்: "இந்தப் பெட்டியெல்லாம் எங்க சார் போவுது?"

"சேலம். இது மதுரை. அந்த ரெண்டும் பெங்களூர்."

"எறக்கறதுக்கு அங்க ஆளு வேணும் இல்ல. மொகம் பாக்காம வேல குடுக்கறது மூட்ட தூக்குற எடத்துலதான். அவன் அப்படி எங்கியாவதுதான் இருப்பான். சீட்டுதான் நீங்க எழுதறீங்களே. அதுக்குப் பின்னால எழுதுங்க."

எழுதினேன். சீட்டின் முன்பக்கம் பெட்டி எண், பொருள், ஊர். பின்பக்கம் அவருடைய வரிகள், மேலே அவர் மகனின் பெயர். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் விடாமல். அவரே வாங்கி வைக்கோலின் மேல் வைப்பார். பிறகுதான் லோடுமேன் மூடியை வைத்து ஆணி அடிப்பான். அவனுக்கு விஷயம் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. எந்தெந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போயிற்று என்று டைரியில் குறித்து வந்தேன். அப்படிப் போன மூன்று வருஷத்துப் பக்கங்களில் ஊர்ப் பெயர்களைத் தவிர வேறு எதுவும் அதிகம் இல்லை.

ஒரே ஒரு முறை பதில் வந்தது. தெற்கே ஒரு மின்சாமான் கடையிலிருந்து அஞ்சலட்டை. அதை அவரிடம் எடுத்துப் போனேன்.

"இருக்கறத அப்படியே படிங்க சார். எதையும் விட வேணாம்."

படித்தேன்: "ஃப்யூஸ் கேரியர் இரண்டு உடைந்திருந்தன. கழித்துக்கொள்ளவும். சீட்டின் பின்னால் யாருக்கோ எழுதிய விஷயம் உள்ளது. எங்களிடம் அந்தப் பெயரில் ஆள் இல்லை. இங்கு இறக்குபவர்களிடம் படித்துக் காட்டினோம். அவர்களுக்கும் தெரியவில்லை."

"எறக்கறவங்ககிட்ட படிச்சுக் காட்டுனாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்குது."

"நல்ல மனுசங்க" என்றார். பிறகு, "ரெண்டு எப்படி ஒடஞ்சுது? வைக்கோலு கம்மியா வெச்சிட்டனோ?" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவர் வேலைக்கு வருவது நின்றது. இருமல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். சுவரில் ஓர் ஆணி, அதற்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக, ஒரு சதுரம். அவர் என்னை உட்காரச் சொல்லிச் சோறு போட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வாரம் எந்த ஊருக்கு சார்?" என்று கேட்டார். சொன்னேன்.

அந்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். மகன் வரவில்லை. அவன் அந்த இரண்டு வரியைப் படித்தானா, படித்துத்தான் வராமல் இருந்தானா, அல்லது ஒன்றுமே தெரியாமல் எங்கோ பெட்டி இறக்கிக்கொண்டிருக்கிறானா என்பதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.

அவர் இறந்த மறுநாள் வேப்பூர் வழியாகச் சேலத்துக்கு லாரியில் ஏழு பெட்டிகள் போயின. ஏழு சீட்டு எழுதினேன். பின்பக்கம் எழுதும்போது, "வந்து சாப்பிடு" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சாப்பாடு போட இனி அங்கே யாரும் இல்லை. அதை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். விடவில்லை. அதையும் எழுதி, கீழே என் வீட்டு முகவரியைச் சேர்த்தேன். அவர் சொன்னதில் நான் கூட்டியது அது ஒன்றுதான்.