கோழிக்கடைக்குப் போன கூண்டு

அந்த நாயை நான் கேட்கவில்லை. கூண்டை அதைவிடக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கின.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரு வெளிநாட்டு அதிகாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரகடம் பக்கம் அந்த அதிகாரியின் கம்பெனி. மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து அவர் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, வளர்த்த நாயை டிரைவர் தலையில் கட்டிவிட்டார்கள். இவருக்கோ தலைகால் புரியவில்லை. கம்பெனி மெடல் கொடுத்த மாதிரி நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே மடக்கி வைத்த ஒரு கம்பிக் கூண்டு. விரித்தால் இடுப்பு உயரம் வரும், முன்னால் ஒரு கதவு, அதற்கு ஒரு கொக்கி.

ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அதிகாரியின் மனைவி, அந்த மேடம், இதை எனக்குக் காட்டியிருந்தார். கூடத்து மூலையில் கூண்டு, உள்ளே மெத்தை, மேலே பூப்போட்ட துணி. "இது அவனுடைய அறை" என்று அவர் சொன்னதை இவர் எனக்குத் தமிழில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஏழு பேர். துணி மாற்ற வேண்டுமென்றால் மற்ற ஆறு பேரும் சுவரைப் பார்க்க வேண்டும். இங்கே நாய்க்குத் தனி அறை.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. நான் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஏ ஷிப்ட் வாரத்தில் விடியற்காலை பஸ் ஏறினால் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். பி ஷிப்ட் வாரத்தில் மத்தியானம் கிளம்புவேன், ஆறு மணிக்கு அவர் வந்துவிடுவார். இடையில் வீட்டில் ஆளில்லாத அந்த நாலைந்து மணி நேரம் நாய் கூண்டுக்குள் இருக்கும். மேடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். சோறு உள்ளேயே வைக்க வேண்டும். தப்பு செய்தால் தண்டனையாக உள்ளே தள்ளக்கூடாது. அது தானாக உள்ளே போய்ப் படுத்திருக்கும்போது யாரும் கை வைக்கக்கூடாது. இவர் அந்தத் தாளை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அந்த மரியாதை கிடைக்கவில்லை.

நாய் சின்னது. தவிட்டு நிறம், தொங்கு காது. அவர்கள் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. "ஏலே" என்று கூப்பிட்டோம், நான்கே நாளில் அதற்குத் திரும்பிப் பார்த்தது. மத்தியானம் கிளம்புமுன் நான் டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டால் போதும், எழுந்து போய்க் கூண்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். நான் கதவைச் சாத்துவது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை, கதவு திறந்தே கிடக்கும்போதும், மத்தியானத் தூக்கம் அதற்குள்ளேதான். இதை நான் தினமும் பார்த்தேன். கண்ணால் பார்த்தும் அதை நம்பாமல் போனேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்கட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவின் வாய் அப்படிப்பட்டது. நிலபுலன் உள்ள பழைய விவசாயக் குடும்பம். மகன்கள் இரண்டு பேரும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு வேலை, பின்கட்டில் குடியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. எங்கள் ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்துவிட்டுத் தினம் ஒரு உச்சு கொட்டுவாள். அவர்கள் வீட்டு நாய் வாசலில் வேப்பமரத்தில் சங்கிலியோடு கிடக்கும். மழைக்கும் வெயிலுக்கும் அதே சங்கிலி, அதே மரம். கழுத்தில் முடி போய்க் காய்த்திருந்தது. அது பாவமில்லையாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஆவணி மாதம் ஒரு நாள் நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடம் சொன்னாள்:

"இன்னாம்மா, வாயில்லா ஜீவன கூண்டுல போட்டு பூட்டிகினு போறீங்களே, அந்தப் பாவம் சும்மா வுடுமா? மூணு வருஷமா உன் வயிறு தொறக்கல. ஏன்னு யோசிச்சியா? நீ அத தொறந்து வுடு, சாமி உன்னுத தொறக்கும்."

அந்த இரண்டு பெண்களும் தலையை ஆட்டினார்கள். நான் கையிலிருந்த ஈரப் பாவாடையைப் பிழிந்தேன், ஏற்கெனவே பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தேன். பதில் சொல்லியிருக்க வேண்டும். நாய் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, மற்ற இரண்டு வருடம் எட்டு மாதத்துக்கு யார் பாவம் என்று கேட்டிருக்க வேண்டும். ஒயர் கட்டும் லைனில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிறவள் நான்.  பிள்ளை இல்லாதவளுக்கு அந்த ஒரு விஷயத்தில் வாய் வராது. அது அவர்களுக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏர்போர்ட் டியூட்டிக்குப் போயிருந்தார். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கோழிக்கடைக்காரர் கூண்டு ஒன்று தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க்கண்ணுக்கு ஒரு கம்பிக் கூண்டைப் பார்த்தால் பிராய்லர் கோழிதானே ஞாபகம் வரும், எனக்கும் அதுதான் வந்தது. சொல்லி அனுப்பினேன். வந்து தட்டிப் பார்த்தார்.

"சூப்பரா கீதுக்கா. ஃபாரின் கம்பி. நாலு வாரத்துக்கு வாரம் ஒரு கிலோ கறி எடுத்தாந்து குடுக்குறேன், சரியா?"

சரி என்றேன். மெத்தையை உருவிக் குப்பையில் போட்டேன். கூண்டை மடக்கி வண்டியில் ஏற்றும்போது நாய் வாசல்வரை போய், வண்டி திரும்பும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து கூண்டு இருந்த இடத்தில் தரையை முகர்ந்தது. நான் வீட்டுக்கார அம்மா காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: "போலே, இனி உனக்கு விடுதலைதாம்லே."

அன்றைக்கு வந்த கறியைக் குழம்பு வைத்தேன். எலும்பை நாய்க்குப் போட்டேன். வாலாட்டிக்கொண்டு தின்றது. அதன் வீட்டை விற்ற கறி.

அவர் வந்து மூலையைப் பார்த்தார். "கூண்டு எங்க?"

"கோழிக்கடைக்குக் குடுத்துட்டேன்."

"மேடம் அவ்வளவு சொல்லிட்டுப் போயிருக்காவ. ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஒங்க மேடத்துக்கு என்ன, ரெண்டு பிள்ள இருக்கு. அவ கூண்டும் வைப்பா, கோட்டையும் வைப்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.  ஆனால் கறியை மட்டும் மறுசோறு போட்டுத் தின்றார், நான் பார்த்தேன்.

கூண்டு போன பிறகு நாய் கெட்டுப்போனது. கட்டிலுக்கடியில் பெட்டிகளுக்கு நடுவே நுழையப் பார்க்கும். கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் இடையில் உடம்பைச் செருகிக்கொண்டு நிற்கும், படுக்க இடம் போதாது. நாங்கள் இல்லாத நேரத்தில் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி ஊளையிட்டது. உடனே அதே அம்மா வந்தாள்.

"இன்னாம்மா, நாயி இந்தக் கத்து கத்துது? மனுசன் தூங்க வாணாமா? எங்கியாவது கட்டிப் போடு."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய்க்காக நான் நாயின் வீட்டைக் கொடுத்திருந்தேன், அந்த வாய் இப்போது அடுத்ததைக் கேட்டது. எனக்கோ கோபம் முழுவதும் நாய்மேல்தான் திரும்பியது. சாயங்காலம் கயிறு கட்டி நடக்கக் கூட்டிப்போனால் கோழிக்கடைப் பக்கம் இழு இழு என்று இழுக்கும். கறி நாற்றத்துக்கு அலைகிறது என்று முதுகில் ஒரு அடி வைத்தேன். மறுநாளும் இழுத்தது, மறுநாளும் வைத்தேன்.

தீபாவளி வந்தது. விடிந்தும் விடியாததுமாக வீட்டுக்கார அம்மாவின் மகன்கள் கேட்டருகில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். முந்தின வருடம் வெடிச்சத்தத்துக்கு நாய் என்ன செய்தது என்று மேடத்தின் தாளில் இருந்திருக்கலாம், நாங்கள் யோசிக்கவில்லை. நாய் என் காலிடுக்கில் நுழைந்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, கூண்டு இருந்த மூலைக்கு ஓடியது. அங்கே அரிசி மூட்டை இருந்தது. அரைச்சுற்று சுற்றிவிட்டு வெளியே பாய்ந்தது. தலையில் எண்ணெயோடு நான் பின்னால் ஓடினேன். புகையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனார். நான் மெயின் ரோட்டுக்குப் போனேன். கம்பெனி பஸ்கள் லீவு, ஆனால் லாரிகளுக்கு ஏது லீவு? ஒவ்வொரு லாரிச் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். செத்துக் கிடந்தால் என்ன செய்வேன் என்று அப்போதுதான் பயந்தேன்.

கோழிக்கடை முன்னால் கூட்டம். தீபாவளிக் கறிக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாய் எங்கள் கூண்டின் கம்பிகளுக்கிடையில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. உள்ளே பதினொரு கோழிகள். அவை அதன் மூக்கைக் கொத்திக் கொத்தி ரத்தம் வந்திருந்தது. மூக்கை எடுக்கவில்லை. ஒரு கோழியையும் கடிக்கவில்லை. முன்னங்காலால் கதவுக் கொக்கியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. ஒருத்தன் கட்டையை ஓங்கினான்.

"எவம்லே அது, தொட்டுப் பாரு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் கட்டையைக் கீழே போட்டான்.

கடைக்காரர் கத்தியும் கையுமாக வந்தார். "அக்கா, நல்ல நாள்ல வியாபாரத்த கெடுக்குது உன் நாயி. கோழி புடிக்க வந்துகீது, இட்டுகினு போ."

"அது கோழிக்கு வரல. கூண்டுக்கு வந்திருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே விளங்கியது. சாயங்காலம்தோறும் நான் அடித்த அடியும் அப்போதுதான் விளங்கியது.

கயிறு இல்லை, அதனால் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூண்டருகில் தரையிலேயே உட்கார்ந்தேன். கோழிகள் தீரட்டும் என்று காத்திருந்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்தார், நிறுத்தார், அறுத்தார். பத்து, ஒன்பது, எட்டு. எங்கோ வெடிக்கும்போதெல்லாம் நாய் என் கைக்குள் துள்ளியது. கடைசியில் இரண்டு கோழிகள் மிஞ்சின. வரிசையில் அடுத்ததாக, தூக்குவாளியோடு நின்றவள் எங்கள் வீட்டுக்கார அம்மா.

"நாயி மோந்த கோழி எனக்கு வாணாம்" என்றாள்.

"எனக்கு வேணும், ரெண்டையும் எடுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

அவர் இரண்டையும் வெளியே எடுத்துக் காலைக் கட்டினார். நான் கையை விட்டேன். நாய் உள்ளே போனது. எச்சமும் இறகும் ரத்தமும் ஈரமாகக் கிடந்த தகட்டின்மேல் ஒரு சுற்று சுற்றி, உடம்பைச் சுருட்டிப் படுத்தது. பெருமூச்சு விட்டது, எல்லோருக்கும் கேட்டது.

"அடே, அதுவா பூந்துகினு கீது!" என்று வீட்டுக்கார அம்மா சிரித்தாள்.

"யக்கா, அது தினமும் அதுவாத்தான் போச்சு. நீங்க ஜன்னல் வழியா பாத்தீங்க. நான் உள்ள இருந்தே பாத்தேன்" என்றேன். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் பேச மட்டும்தான் செய்தாள். கூண்டை மடக்கிக் கொடுத்தது என் கை.

கூண்டைக் காலி செய்யத்தான் கேட்டேன் என்று கடைக்காரரிடம் அந்த இரண்டு கோழிகளையும் விட்டுவிட்டு, வேறு கூண்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் நாயோடு சேர்த்துக் கூண்டை ஏற்றினேன். தலையில் எண்ணெய் வழிய, புதுப்புடவைக்காரிகள் சிரிக்க, வண்டியோடு கூடவே நடந்தேன். வீட்டில் அரிசி மூட்டையை நகர்த்தி அதே மூலையில் வைத்தோம். கழுவுவதற்காக, "ஏலே, வெளிய வாலே" என்று கூப்பிட்டேன். வரவில்லை. கையை உள்ளே விட்டேன். உறுமியது. அதுவரை எங்களைப் பார்த்து உறுமியதே இல்லை.

"தாள்ல என்ன எழுதிருக்கு? உள்ள இருக்கும்போது கை வைக்காத" என்றார் அவர். அது தானாக வெளியே வரும்வரை அந்த நாற்றத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம்தான் வெளியே வந்தது.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கூண்டு இருந்தபோதும் இல்லை, கோழிக்கடைக்குப் போனபோதும் இல்லை, திரும்பி வந்தபோதும் இல்லை. அடுத்த பொங்கலுக்குள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனோம். நாய் மேலும் ஏழு வருடம் எங்களோடு இருந்தது. நான் போட்டதைத் தின்றது, என் மடியில் தலை வைத்தது, பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றது. அவர் கூண்டைத் துடைத்தால், துணி மாற்றினால் சும்மா இருக்கும். நான் கூண்டில் கை வைத்தால் மட்டும் உறுமும். கடைசிவரைக்கும் உறுமியது. அதற்காக அதை நான் ஒருநாளும் திட்டியதில்லை.