உப்பு, புளி, நச்சுக்கொடி

சனிக்கிழமை மத்தியானத் தூக்கம்... வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டுதான் வண்டியை ஓட்டுகிறேன். போன சனிக்கிழமை சரியாகக் கண் அசந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"மாமா, வீட்லதானே இருக்கீங்க? நாங்க வாரோம். சங்கோல் இருக்குல்ல?"

குணா. என் தங்கை மகள் மலரின் கணவன். சங்கோல் என்றால் மண்வெட்டி. மண்வெட்டி எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. மலருக்கு அன்று காலையில்தான் அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். மாசம் நிறையவில்லை. ரத்தக் கொதிப்பு ஏறி, கண் மங்கி, ஆம்புலன்ஸில் போனாள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

மண்வெட்டி நச்சுக்கொடிக்கு. வேறு எதற்கு?

இங்கே பிரசவம் முடிந்ததும் அதைப் பையில் கட்டி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். மலாய்க்காரர்கள் ஊரி என்பார்கள். அவர்களும் புதைக்கிறார்கள், நாமும் புதைக்கிறோம். பொழுது சாய்வதற்குள் வீட்டு மண்ணில் புதைக்க வேண்டும். எஸ்டேட்டில் இருந்தவரை மண்ணுக்கு என்ன பஞ்சம்? இப்போது ஆளாளுக்கு பிளாட். நாலாவது மாடியில் எங்கே தோண்டுவது... பூந்தொட்டியிலா?

ஆகவே, சொந்தத்தில் எவன் தரை வீடு வைத்திருக்கிறானோ அவன் தலையில் விழுகிறது. ஈப்போவில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண், அதில் ஒரு ரம்புத்தான் மரம். அதன் அடியில் யார் யார் வீட்டுடையது கிடக்கிறது என்பது எனக்கே மறந்துபோய்விட்டது.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. மலரின் முதல் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை ஏழாம் மாசத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அப்போதும் இதே ரத்தக் கொதிப்பு. நச்சுக்கொடி சரியாக வேர் பிடிக்கவில்லை என்றார் டாக்டர். ஏன் பிடிக்கவில்லை என்று மலர் கேட்டாள். அது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லையம்மா என்றார் அவர். அந்தப் பதிலோடு அவள் எப்படி நாள் தள்ளினாள் என்பது எனக்குத் தெரியும்.

குணா அந்தப் பையோடு வந்தான். கூடவே அவன் அக்கா பார்வதி. ஊரே அக்கா என்பதால் வயதில் மூத்த நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சிலிம் ரிவர் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவர். செய்வதை முறையாகச் செய்ய வேண்டும் அவருக்கு.

"அண்ணே, கல் உப்பும் புளியும் குடுங்கலா. சும்மா புதைக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது."

உப்பும் புளியும் போட்டுக் கழுவித்தான் புதைக்க வேண்டுமாம். அவர்கள் எஸ்டேட்டில் பிரசவம் பார்த்த மலாய்க்கார பீடான் சொல்லிக்கொடுத்த பழக்கம். நான் எடுத்துக் கொடுத்தேன். மறுத்துப் பேசினால் இன்னும் நேரமாகும். பின்கட்டுக் குழாயடியில், பிளாஸ்டிக் பேசினில், பார்வதி அக்கா அதைப் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவினார். குணா குழி தோண்டினான்.

அப்போதுதான் கேட்டருகே ஒரு கார் வந்து நின்றது. முப்பது வயதுக்குள் இருக்கும், ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு இறங்கினாள். பெயர் நித்யா. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. சனிக்கிழமையும் ஓடி அலைந்த முகம்.

"சார், மலரோட ஊரி இங்க வந்திருக்கா? மலர்தான் அட்ரஸ் கொடுத்தாங்க. எங்க மாமா வீட்டுக்குத்தான் போயிருக்கும்னு சொன்னாங்க."

"வந்திருக்கு. உங்களுக்கு எதுக்கும்மா?"

"ஆராய்ச்சிக்குத் தரேன்னு கிளினிக்லயே சம்மதம் கொடுத்திருந்தாங்க சார். ஆபரேஷன் திடீர்னு ஆயிடுச்சு. நான் வர்றதுக்குள்ள நர்ஸ் மிஸிங்க டியூட்டி மாறிட்டாங்க. வழக்கம்போல வீட்டுக்காரர் கையில கொடுத்துட்டாங்க."

குணா மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றான். "சம்மதமா? எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே."

நித்யா குழாயடிக்குப் போனாள். பேசினைப் பார்த்தாள். அந்தப் புளி வாடையே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொறுமையாக விளக்கினாள். நச்சுக்கொடியை ஒரு மருந்துத் தண்ணீரில் நாள் கணக்காகக் கழுவுவார்களாம். ரத்தம் போகும், செல் எல்லாம் போகும். கடைசியில் வெள்ளையாக, சல்லடைத் துணி போல ஒரு கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டில் புதிதாகச் செல்களை வளர்த்தால் வயிற்றுக்குள் நடப்பதில் கொஞ்சத்தையாவது வெளியே வைத்துப் பார்க்கலாம். எப்படி வேர் பிடிக்கிறது... எங்கே பிடிக்காமல் போகிறது...

"வயித்துல பிள்ளை இருக்கறப்போ உள்ள எதையும் விட்டுப் பாக்க முடியாதுல்ல சார். அதான் இப்படி. மலர் மாதிரி ரத்தக் கொதிப்பு வந்தவங்களோடது எங்களுக்கு லேசுல கிடைக்காது."

பார்வதி அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "நீங்களும் கழுவத்தான் போறீங்க. நான் கழுவினா மட்டும் என்னவாம்?"

நியாயமான கேள்விதான். எனக்கும் அதே சந்தேகம்.

"புளியில அமிலம் இருக்குக்கா. அந்தக் கூட்டையே கெடுத்துடும். குழாய்த் தண்ணில கிருமியும் இருக்கும். இனி இது உதவாது." ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "உள்ளங்கை அளவு துண்டுதான் எடுப்போம். மிச்சத்தை உங்ககிட்டயே கொடுத்திருப்போம். புதைக்கிற வீடுகளுக்கு அப்படித்தான் செய்றோம்."

கேட்டீர்களா? புதைத்தும் இருக்கலாம், கொடுத்தும் இருக்கலாம்.

நித்யா காலிப் பெட்டியோடு போய்விட்டாள். ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நாங்கள் புதைத்தோம். பார்வதி அக்கா மேலே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, நாய் கிளறாமல் இருக்கப் பழைய கூடையைக் கவிழ்த்துவைத்தார்.

நமக்கு எதற்குத்தான் ஆலோசனை இல்லை? பெயர் வைக்கப் பத்துப் பேரைக் கேட்கிறோம். தொட்டில் போட நாள் கேட்கிறோம். உப்பா புளியா என்று எப்போதோ செத்துப்போன பீடானைக்கூட மனசுக்குள் கேட்டுக்கொள்கிறோம். யார் உடம்பிலிருந்து வந்ததோ அவள் பத்து நிமிஷத் தூரத்தில் படுத்திருக்கிறாள். போனும் கையில்தான் இருக்கிறது. அவளைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை... என்னையும் சேர்த்துத்தான். பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றவன்தானே நானும்.

மறுநாள் வார்டுக்குப் போனோம். மலர் முகமெல்லாம் வீங்கிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையே அதுதான்.

"கொடுத்துட்டீங்களா மாமா?"

குணா தரையைப் பார்த்தான். பார்வதி அக்கா பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நான்தான் சொன்னேன். உப்பு, புளி, மெழுகுவர்த்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் குணா.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெண்ணின் குழந்தை அழுது அடங்கியது.

பார்வதி அக்காவால் தாங்க முடியவில்லை. மலரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புதாம்மா. அடுத்த தடவ நான் தொடவே மாட்டேன். சத்தியமா. அவங்க கேட்ட மாதிரியே கொடுத்துடலாம்."

"அடுத்த தடவை இல்ல அண்ணி. உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதோட சரி."

"பின்ன எதுக்கும்மா இவ்வளவு...?"

மலர் கதவுப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம்தான் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும் அறை.

"உள்ள ஒருத்தி படுத்திருக்காளே. அவளும் ஒரு நாளைக்கு முழுகாம இருப்பால்ல? இது அம்மாகிட்டருந்து மகளுக்கும் வரலாமாம். எனக்குச் சொல்ல ஆளில்ல. அவ கேக்கறப்பவாவது யாராச்சும் பதில் சொல்லட்டுமேன்னு நெனச்சேன்."

குழந்தை தேறிவருகிறது. பார்வதி அக்கா தினமும் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருகிறார். வரும் வழியில் என் வீட்டிலும் இறங்கிக் கூடை நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். நேற்று மரத்தை அண்ணாந்து பார்த்து, இந்த வருஷம் ரம்புத்தான் நன்றாகக் காய்க்கும் அண்ணே என்றார்.

காய்க்கட்டும். கேட்டால் பதில் சொல்லத்தான் அதற்குத் தெரியாது.