இருமினால் வெளியே போய்விடுங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நான்கு மணிக்கு, கோலார் தங்க வயலில், ஊரிகம் என்கிற எங்கள் பகுதியில் இருக்கிற ஒரு பழைய ஹாலில் நடந்தது இது. இதுவரைக்கும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

நான் எலக்ட்ரீஷியன். தினமும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், அங்கே ஒரு நாடக அரங்கத்தில் லைட் வேலை பார்க்கிறேன். பதினைந்து வருடமாகிறது. மேடையில் ஆடுகிறவர்களைவிடக் கீழே உட்கார்ந்து பார்க்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எந்தக் கூட்டம் இடைவேளையில் வீட்டுக்குப் போய்விடும், எந்தக் கூட்டம் கடைசியில் எழுந்து நின்று கை தட்டும் என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு மண்டைக்கனமும் உண்டு.

எங்கள் அரங்கத்தில் ஒரு வழக்கம். நிகழ்ச்சி நடக்கும்போது யாருடைய செல்போனாவது அடித்தாலோ, குழந்தை அழுதாலோ, யாராவது விடாமல் இருமினாலோ, டார்ச்சைத் தரையைப் பார்த்து அடித்துக்கொண்டு போய், தோளைத் தொட்டு, வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஆள் பற்றாத நாட்களில் அந்த வேலையும் என் தலையில் விழும். காரில் வந்து இறங்குகிற பெரிய மனிதர்கள்கூட, தோளில் கை பட்டதும் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுவார்கள். இதுதான் மரியாதை, இதுதான் நாகரிகம் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது.

அந்த வருடம் ஒரு நவீன நடனக் குழு வந்தது. சுரங்கத்தைப் பற்றிய ஆட்டம். பாட்டு கிடையாது, சலங்கை கிடையாது. ஆணும் பெண்ணுமாக எட்டுப் பேர், ஒரு சின்னச் சதுர வெளிச்சத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். அதுதான் கேஜ், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. உடம்பு அதிர அதிர, அங்குலம் அங்குலமாகத் தாழ்ந்துகொண்டே போவார்கள். அவர்கள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு இந்த நவீன நடனமெல்லாம் மண்டையில் ஏறாது. பல நாள் லைட்டைப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மேடையைவிட்டு என் கண் நகரவே இல்லை. பெங்களூர் கூட்டம் குண்டூசி விழுந்தால் கேட்கும், அப்படி உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் என் அண்ணன். அப்பா போனபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்து கேஜில் இறங்கினார். அவர் இறங்கினதால்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன். மைன்ஸ் மூடினபோது தூசியையும் நெஞ்சில் சுமந்துகொண்டு மேலே வந்தார். பிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாகச் சில வருடம். அதுவும் முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமுவார்.

அவருக்கு இந்த ஆட்டத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. குழுவை நடத்துகிற மேடத்திடம் போய், எங்கள் ஊரில் ஒரு தடவை ஆட முடியுமா என்று கேட்டேன். நானே லைட் போடுகிறேன், நானே ஹால் பிடிக்கிறேன் என்றேன். அந்த அம்மா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் முன்னால் ஆட வேண்டும் என்பது அவருக்கும் பெரிய ஆசையாம். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை அண்ணன் கழற்றவே இல்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பி, வரிசையாக இருக்கிற எங்கள் லைன் வீடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று நின்று, "என் தம்பி லைட்டு போட்றான், வந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஹாலுக்கு வந்து சேர்ந்தார். கூடவே அண்ணி, கையில் தண்ணீர் பாட்டிலோடு. இரண்டாவது வரிசையில் இடம் வைத்திருந்தேன். முதல் வரிசை பெங்களூரிலிருந்து வந்த மேடத்தின் நண்பர்களுக்கு.

ஹால் நிரம்பிவிட்டது. முக்கால்வாசிக்கு மேல் பழைய மைன்ஸ் ஆட்கள். நான் மைக்கைப் பிடித்தேன். எங்கள் அரங்கத்தில் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் சொல்கிறதை அப்படியே தமிழில் சொன்னேன். செல்போனை அணைத்துவிடுங்கள், பேசாதீர்கள், இருமல் வந்தால் தயவுசெய்து வெளியே போய்விடுங்கள் என்றேன். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எந்த ஊரில், யாரைப் பார்த்து என்ன சொல்கிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. எட்டுப் பேரும் சதுரத்துக்குள் வந்து நின்றதும் பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னாப்பா, எட்டு பேரோட கேஜ எறக்குறீங்க? இன்னும் ஏத்துங்கப்பா!" ஹாலே சிரித்தது. லேம்ப் எங்கே, தொப்பி எங்கே என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கேஜ் இறங்கும்போது அடிக்கிற மணி மாதிரி நாக்கால் சத்தம் போட்டார். பேன்ட் போட்டு ஆடின பெண்ணைப் பார்த்து ஒரு விசில். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் ஊர் என் மானத்தை வாங்குகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் கேஜ் தாழத் தாழச் சத்தம் தானாக அடங்கிவிட்டது. ஆடுகிறவர்களின் மூச்சு மட்டும் கேட்டது. விசில் அடித்தவனும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாடா என்று நினைத்தேன். அப்போதுதான் இரண்டாவது வரிசையில் இருமல் கிளம்பியது.

அது ஒரு தடவை வந்தால் லேசில் விடாது. அண்ணன் கர்ச்சீப்பால் வாயை அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் முறைக்கவில்லை, சும்மாதான் பார்த்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. லைட்டைக் குழுவின் ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சைத் தரையைப் பார்த்து அடித்துக்கொண்டு போய், என் அண்ணன் தோளைத் தொட்டேன்.

"ண்ணா, கொஞ்சம் வெளிய வா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தோ, நின்னுடும்டா. ஒரு நிமிஷம்" என்றார். கண் மறுபடியும் மேடைக்குப் போய்விட்டது. நான் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன். மனமறிந்துதான் தூக்கினேன். அவர் உடம்பு காகிதம் மாதிரி இருந்தது. மறுபேச்சு பேசாமல் எழுந்து வந்தார். மற்றவர்களுக்கு மறைக்கக்கூடாது என்று நடைவழியில் குனிந்துகொண்டே நடந்தார். பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு அண்ணி.

வெளியே காம்பவுண்டுச் சுவரில் அவரைச் சாய்த்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். அண்ணனோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர். அவர் பின்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர். என்ன ஆயிற்று, எங்கே போகிறீர்கள் என்று பதறிப்போய்க் கேட்டேன். முதலில் வந்தவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நாங்களும் இருமற ஆளுங்கதாம்பா. எதுக்கு உங்களுக்குத் தொந்தரவு?"

அதில் ஒரு துளி கோபம் இல்லை. குத்தலும் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். ஒவ்வொருவராக, வாயைப் பொத்திக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் சுவரோரமாக வெயிலில் நின்று, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் இருமித் தீர்த்தார்கள். நான் கையில் டார்ச்சோடு நடுவில் நின்றேன். போங்க, உள்ளே போங்க என்று கெஞ்சினேன். பரவாயில்லப்பா, பரவாயில்லப்பா என்றார்கள். அண்ணன் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து, உள்ளே போய் உன் வேலையைப் பார் என்று கையைக் காட்டினார்.

ஆட்டம் முடிந்தபோது முதல் வரிசை எழுந்து நின்று தட்டியது. ஓரமாகச் சில பெண்களும் பிள்ளைகளும். மற்றதெல்லாம் காலி நாற்காலி. வேர்வை சொட்டச் சொட்ட எட்டுப் பேரும் வந்து கும்பிட்டுவிட்டு, அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் என்னிடம் வந்து, அவர்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான்தான் மேடம் விரட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல மேடம்" என்று சொன்னேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பழியைத் தூக்கி அந்த மனிதர்கள் மேலேயே போட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அந்தக் குழு பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. பெங்களூரில் அவரைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். அப்படியே விழுங்கிவிடுவேன்.

அன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி எப்போதும் என்னைப் பார்த்ததும் "சாப்ட்டியா தம்பி" என்றுதான் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாப்பது வருசமா கோயில்ல ஒக்காந்து இருமிகினுதான் இருக்காரு. சாமியாரு பிரசங்கத்த நிறுத்திட்டு நிப்பாரு, அப்பால பேசுவாரு. ஒரு நாளும் வெளிய போன்னு சொன்னதில்ல தம்பி."

உள்ளேயிருந்து அண்ணன், "விடுடி, அது அவன் டூட்டி" என்றார். டூட்டி என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடு அண்ணா என்று அப்போதே காலில் விழுந்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மழைக்காலம் வந்ததும் அவருக்கு ரொம்பவும் முடியாமல் போய்விட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்திருப்பேன். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் இரண்டு பேரும் சும்மா இருப்போம். ஒரு நாள் மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, அவராகவே கேட்டார்.

"அன்னிக்கி கடைசில இன்னாடா ஆச்சி? மேல வந்தாங்களா?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார். இத்தனை மாதமாக மனுஷன் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த எட்டுப் பேரும் கீழே இறங்கினவரைக்கும் பார்த்தார். அப்புறம் அவரை நான் எழுப்பிவிட்டேன்.

உண்மையில் அந்த ஆட்டத்தில் யாரும் மேலே வருவதில்லை. எட்டுப் பேரும் தரையில் கிடப்பார்கள். சதுர வெளிச்சம் மட்டும் காலியாகப் பின்சுவரில் ஏறி அணைந்துவிடும். பெங்களூரில் அந்த வெளிச்சத்தை ஏற்றி அணைத்தவன் நான்தான்.

"வந்துட்டாங்கண்ணா" என்றேன்.

"எட்டு பேருமா?"

"எட்டு பேரும்."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணினேண்ணா."

அவர் தலையை ஆட்டினார். "நல்லா பண்ணிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து நாள்கூட அவர் இருக்கவில்லை. அடக்கத்துக்கு அன்று சுவரோரம் நின்ற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிகிறவரைக்கும் யாரும் இருமலை அடக்கவில்லை.

நான் இன்னும் அதே அரங்கத்தில்தான் வேலை செய்கிறேன். இப்போது யாராவது இருமினால் டார்ச்சை எடுப்பதில்லை. தண்ணீர் பாட்டிலோடு போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். மேனேஜர் இரண்டு தடவை திட்டிவிட்டார், திட்டட்டும். கடைசிவரைக்கும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனுஷனை அவன் இடத்தில் உட்கார விடுவது பெரிய காரியமே இல்லை, என் அண்ணனுக்கு அதைக்கூட நான் செய்யவில்லை.