படிக்காமல் அடுக்கிய தாள்கள்

கிள்ளான் நகரில் ஒரு தனியார் கல்லூரி. அதன் நூலகத்தை ஒட்டிய பிரிண்டிங் அறையில் கிரிகரி பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ரயில்வேக்காரர் மகன், இன்றும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறித்தான் வேலைக்கு வருகிறார். பிள்ளைகளுக்கு அவர் அங்கிள்.

அங்கிளுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, தாள் வீணானால் வயிறு எரியும். இரண்டு, அடுத்தவர் தாளைப் படிக்கவே மாட்டார். சின்ன வயதில் அக்காவுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்து, அப்பாவின் பெல்ட்டால் வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? இந்தப் பிள்ளைகள் பட்டனை அமுக்குவார்கள். இரண்டு நொடியில் தாள் வராவிட்டால் மறுபடி அமுக்குவார்கள், அதற்கும் பொறுக்காமல் இன்னொரு தடவை. மூன்று காப்பியும் வந்து விழும். ஒன்றை உருவிக்கொண்டு ஓட்டம்தான்.

போன வருடம் கிரிகரி ஒரு நீலக் கூடை வைத்தார். வேண்டாத தாள்களை அதில் போடச் சொன்னார். தானே அவற்றை நீவி, வெற்றுப் பக்கம் மேலே இருக்க அடுக்கி, பழைய பிரிண்டரில் வைத்தார். முதல் வரைவு எதுவானாலும் அதில்தான் அடிக்க வேண்டும். வாரத்துக்கு எட்டுப் பெட்டி குப்பைத்தாள் மூன்றாகக் குறைந்தது. அறிவிப்புப் பலகையில் அவர் படம் ஏறியது. அதை அவர் மனைவி சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அனுப்பி வைத்தாள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, கெல்வின் என்ற மாணவன் ஒரு தாளை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“அங்கிள், இத நீங்க பாக்கணும்லா. என் அசைன்மென்ட்டுக்குப் பின்னாடி எங்க கிளாஸ் ஜானிஸோட லெட்டர். எங்க மேசையில எல்லாரும் படிச்சிட்டாங்க. சாரி அங்கிள்.”

முதன்முறையாகக் கிரிகரி ஒரு மாணவியின் தாளைப் படித்தார். அம்மா மனநல மருத்துவமனையில் இருக்கிறார், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை, ஒரு செமஸ்டர் விடுப்பு வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம். அம்மா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்றுதான் ஜானிஸ் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அடுக்கைப் புரட்டினார். அதே கடிதம், சிற்சில சொல் மாறி, இன்னும் ஒன்பது. ஒவ்வொன்றையும் அவர் கையாலேயே நீவி வைத்திருக்கிறார். படிக்கக்கூடாது என்று பெருமையாகக் கண்ணை மூடிக்கொண்டு, ஊரே படிக்கும்படி பரப்பியிருக்கிறார். கிரிகரிக்கு அவமானமாக இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஜானிஸ் நான்கு நாள் கல்லூரிப் பக்கமே வரவில்லை. படிப்பையே விட்டுவிட்டாளோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. நூலகப் பொறுப்பாளர் அமுதவள்ளியிடம் போய், நடந்ததைத் தானே சொன்னார்.

“கூடைய எடுத்துர்றேம்மா.”

“என்னண்ணே, படமெல்லாம் போட்டாச்சே!”

“அதையும் எடுத்துருங்க.”

ஐந்தாம் நாள் ஜானிஸ் வந்தாள். காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த புழுதி முகத்தில் இருந்தது. கிரிகரி எழுந்து நின்றார்.

“மன்னிச்சிரும்மா. ஒரு தடவ திருப்பிப் பாத்திருந்தா அத பிரிண்டர்ல வெச்சிருக்க மாட்டேன்.”

“நீங்க யார் பேப்பரையும் படிக்க மாட்டீங்கன்னுதான் அங்கிள் உங்க கூடையில போட்டேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு புது பேப்பர்ல அடிச்சேன், அது பழைய பிரிண்டருக்குத் திரும்பி வரும்னு தோணல, குப்ப லோரியில போயிரும்னு நெனச்சேன்.” அவள் அங்கிருந்த கம்ப்யூட்டரில் கடிதத்தைத் திறந்தாள். “லெட்டர இன்னும் கொடுக்கல. அடிச்சு கையில எடுத்தாலே தப்பா இருக்கிற மாதிரி தோணுது. வீட்ல காட்டுறதுக்கு ஆள் இல்ல.”

கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “நீங்க படிங்க அங்கிள்.”

கிரிகரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு வரி விடாமல் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா மூணு எடத்துல சாரி சொல்லியிருக்கே. நீ என்ன தப்பு செஞ்சே?”

ஜானிஸ் திரையைப் பார்த்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு மூன்றையும் அழித்தாள். பட்டனை அமுக்கினாள். பிரிண்டர் வழக்கம்போல் முரண்டு பிடித்தது. அவள் விரல் மறுபடி பட்டனுக்குப் போயிற்று.

“வரும்மா, வரும். நான் இங்கதானே இருக்கேன்.”

ஒரே ஒரு தாள் வந்தது. அவள் அதை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலுவலகத்தை நோக்கி நடந்தாள். அன்று அவள் விட்டுச்சென்ற தாள் ஒன்றுகூட இல்லை.